கருமாதிக்கு முன்பே வரும் தரகர்

சாலை விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால், கிள்ளான் பக்கத்து வீடுகளில் கருமாதி முடியும் முன்பே ஓர் ஆள் வந்து உட்கார்ந்திருப்பார். "அக்கா, நமக்குத் தெரிஞ்ச லாயர் இருக்காரு. இப்ப ஒரு காசும் வேணாம். கேஸ் ஜெயிச்சா பார்த்துக்கலாம்." கையெழுத்துப் போட வேண்டிய தாளும் கையிலேயே இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் கடைவீட்டு மாடியில் இருந்த ஒரு லாயர் ஆபீஸில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு எங்களிடம் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆள் பிடித்துத் தருபவருக்குக் காசு கொடுத்து வழக்கு வாங்குவதை, 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 94ஆம் பிரிவு ஒழுங்கீனம் என்கிறது. ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தை 112ஆம் பிரிவு தடுக்கிறது. தோட்டம் விட்டு வந்த குடும்பம் முன்பணத்துக்கு எங்கே போகும்? நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஒப்பந்தம் சர்வசாதாரணம். இங்கிலாந்து 1990களில் ஒரு வகையில் அனுமதித்தது. இங்கேயும் அதை வெளிப்படையாகப் பேசலாம் என்பதே என் அபிப்பிராயம்.

தரகரை மட்டும் என்னால் ஏற்க முடியாது. இழப்பீட்டில் பங்கு எதிர்பார்ப்பவருக்கு வழக்கு சீக்கிரம் முடிவதுதான் லாபம். இன்சூரன்ஸ் கம்பெனி குறைவாகச் சொன்னாலும் "போதும்க்கா" என்பார். கணவனை இழந்தவளுக்குரிய துயர இழப்பீடு 2019இல் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 ஆக உயர்ந்ததை அவர் வாயிலிருந்து கேட்க முடியாது. இறந்தவரை நம்பியிருந்த குடும்பம் வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது என்பதையும்தான். துக்க வீட்டில் கையெழுத்துக்கு அப்படி என்ன அவசரம்?

அடுத்தது, வந்த பணம் எங்கே போகிறது என்பது. 1990ஆம் ஆண்டு கணக்கு விதிகளின்படி, கட்சிக்காரரின் பணம் 'கிளையன்ட் அக்கவுண்ட்' என்ற தனிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். ஆபீஸ் வாடகைக்கோ என் சம்பளத்துக்கோ அதில் கை வைக்கக் கூடாது. ஆண்டுதோறும் கணக்காய்வாளர் அறிக்கை தராவிட்டால் லாயருக்கு அடுத்த ஆண்டுச் சான்றிதழ் கிடைக்காது. கணக்காய்வு நாட்களில் ஐந்து வெள்ளி இடித்தாலும் எங்கள் பாஸ் யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். அப்போது திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

கோயிலில் பார்ப்பவர்கள் என்னிடம் இன்னமும் பழைய வழக்குகளைப் பற்றி விசாரிப்பதுண்டு. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126, 127ஆம் பிரிவுகள் லாயரின் வாயோடு கிராணியின் வாயையும் கட்டியிருக்கின்றன. வேலையை விட்டாலும் அந்தக் கட்டு அவிழாது. அதனால் சாமியைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஊர் பேசுவதெல்லாம் பெரிய வழக்குகளைத்தான். நீதிபதி நியமனம் குறித்து வழக்கறிஞர் வி.கே. லிங்கம் தொலைபேசியில் பேசும் காணொளி 2007 செப்டம்பரில் வெளிவந்தது. அதை விசாரிக்கக் கோரி அம்மாதம் 26ஆம் தேதி, அப்போதைய வழக்கறிஞர் மன்றத் தலைவர் அம்பிகா ஸ்ரீநிவாசன் தலைமையில் ஏறத்தாழ 2,000 வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நடந்தார்கள். லிங்கத்தின் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்க 2015இல் உத்தரவிட்டது வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியம். காசு கைக்கு வராத கிள்ளான் அக்காவின் புகாரை விசாரிப்பதும் இதே வாரியம்தான். விசாரணைக் குழுவில் வழக்கறிஞர் அல்லாத ஒருவரும் இருப்பார். கண்டனம், அபராதம், 5 ஆண்டு வரை தொழில் தடை, பட்டியல் நீக்கம் என்று தண்டனை போகும்.

புகார் எழுதுங்கள் என்று சொன்னால் பலர் தயங்குவார்கள். "நம்ம ஆளாச்சே, கோயில் கமிட்டியில வேற இருக்காரு..." வாரியம் கமிட்டிப் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதில்லை. கையெழுத்திட்ட தாளின் நகல் எங்கே, கொடுத்த பணத்துக்கு ரசீது எங்கே என்றுதான் கேட்கும். எங்களிடம் வந்த பாதிப் பேரிடம் அந்த இரண்டுமே இருக்காது.