தசைத் தளர்ச்சியும் சத்துமாவும்

ஆரணியின் தறி வீடுகளில் பிள்ளைகள் சாப்பிடுவதும் படிப்பதும் பெரும்பாலும் தரையில்தான். அதனால் தசை தளர்வது வீட்டாரின் கண்ணில்தான் முதலில் படும். துள்ளி எழுந்த பிள்ளை தொடையில் கையூன்றி எழும். மாடிப்படி ஏறத் திணறும், தலைவாரக் கையைத் தூக்க முடியாது. கண்ணிமையில் ஊதா நிறமும் விரல் கணுக்களில் சிவந்த தடிப்பும் சேர்ந்திருந்தால் அது டெர்மடோமயோசைட்டிஸாக இருக்கலாம். உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே தசையையும் தோலையும் தாக்கும் வாத நோய் இது.

உடனே சத்துமாவும் டானிக்கும் வாங்குவது பெற்றோரின் பாசம். ஆனால் இது சத்துக்குறைவால் வந்த தளர்ச்சியல்ல. அழற்சியை அடக்க ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் வேண்டும். ‘தசைக்கு வலு’ என்று விற்கும் கிரியாட்டினை, இதைப் போலவே நோயெதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிரேசில் ஆய்வு 2014இல் வெளியானது. கெடுதல் தெரியவில்லை, வலுவும் கூடவில்லை.

துணைச்சத்து வேண்டியது வேறொரு காரணத்துக்காக. நீண்டநாள் ஸ்டீராய்டு எலும்பை மெலியச் செய்கிறது. 10 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 850 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 100 கிராம் கேழ்வரகிலேயே சுமார் 360 மில்லிகிராம் இருக்கிறது. பாலும் சேர்ந்தால் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே வந்துவிடும். தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டிகள் தோன்றினால் சிலர் பயந்து பாலை நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கட்டிகள் அழற்சியின் விளைவு, பால் குடித்ததால் வந்தவையல்ல.

வைட்டமின் டி-க்கு ‘வெயிலில் நிறுத்துங்கள்’ என்ற வழக்கமான யோசனை இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. வெயில் பட்டால் தோல் தடிப்பு கூடும், நோயே கிளம்பலாம். அதனால் மருந்தாகவே கொடுக்க வேண்டும், அதுவும் அளவோடு. வாரம் ஒன்றாகச் சிலருக்கு எழுதித்தரும் 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினமும் கொடுத்துவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறும் வரும்.

மெத்தோட்ரெக்சேட்டும் வாரத்துக்கு ஒருமுறைதான். தினமும் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. அதன் குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்கத்தான் ஃபோலிக் அமில மாத்திரை.

சத்துணவென்று நம் ஊர்களில் பரவலாக விற்கும் சுருள்பாசியை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன். நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள் அது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு டெர்மடோமயோசைட்டிஸ் தொடங்கியதும் தீவிரமானதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

வாத நோய் மருத்துவரைப் பார்க்கப் பக்கத்து வேலூருக்கோ சென்னைக்கோ போகும்போது, பிள்ளைக்குக் கொடுக்கும் பொடி, லேகியம், மாத்திரை எல்லாவற்றின் டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முகம் உப்புகிறதே என்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் பிள்ளை மயங்கி விழலாம். உடற்பயிற்சி எப்போது தொடங்கலாம் என்பதையும் கேளுங்கள். அழற்சி அடங்கியபின் இழந்த வலுவை மீட்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.