ஓட்டை இருக்கா... ஓடு!

ராத்திரி பதினொன்றரை மணி. ஹாஸ்டலில் எங்கள் ரூம் லேப்டாப் முன்னால் ஏழு தலைகள். ஸ்க்ரீனில் ஹீரோ துப்பாக்கியைத் தூக்குகிறான். தூக்கின அதே நொடியில் சாமான் பெட்டியைத் திறக்கிறான், வேறு ஆயுதத்தை எடுக்கிறான், மூடுகிறான். அவ்வளவுதான்! அதற்கப்புறம் சார்லி சாப்ளின் படம் மாதிரி குடுகுடுவென்று ஓட ஆரம்பித்துவிட்டான். கோடரியோடு துரத்தி வந்த கோஷ்டி பின்னாலேயே நின்றுவிட்டது.

'டேய், இது சீட்டிங்டா!' என்று அலறினான் மெக்கானிக்கல் நண்பன்.

'இல்ல மச்சி, அவன் கேம்ல எதையும் மாத்தலயே. கேமே அப்படித்தான் இருக்கு!' என்றேன் நான்.

சண்டை ராத்திரி ஒரு மணி வரை போனது. காலையில் மெஸ்ஸில் இட்லியோடு தொடர்ந்தது. அந்தச் சண்டையை முடித்துவைக்கலாம் என்று தேடப்போய் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. சண்டை முடிந்ததா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மேட்டர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒரு வீடியோ கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோம் என்று ஸ்டாப் வாட்ச் வைத்து ஆடுவதற்குப் பெயர் ஸ்பீட் ரன். 1990-களில் 'டூம்', 'க்வேக்' ஆடியவர்கள் ஆரம்பித்துவைத்த பழக்கம் இது. 2010 ஜனவரியில் அமெரிக்காவில் சில ஆட்டக்காரர்கள் ஒன்று கூடி, இப்படி ஆடிக்காட்டியே பத்தாயிரம் டாலருக்கு மேல் தர்மத்துக்கு வசூல் பண்ணினார்கள். 'கேம்ஸ் டன் க்விக்' என்கிற அந்தத் திருவிழா இப்போது வருஷா வருஷம் கோடிகளில் வசூலிக்கிறது. ஆக, வேலைவெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். (எங்கள் வார்டன் சொன்னார்.)

நாங்கள் அன்றைக்குப் பார்த்தது 'ரெசிடென்ட் ஈவில் 4'. ஜப்பானின் கேப்காம் கம்பெனி 2005-ல் வெளியிட்ட, உயிர் பிழைத்தால் போதும் ரகத் திகில் கேம். அமெரிக்க ஜனாதிபதியின் மகளைக் கடத்திவிட்டார்கள். லியான் என்கிற ஏஜென்ட் ஸ்பெயினில் ஒரு கிராமத்துக்குப் போய் மீட்க வேண்டும். தோட்டா குறைச்சல், மருந்து குறைச்சல், எதிரிகள் மட்டும் ஏராளம். நம்மை மாதிரி ஆட்கள் நின்று நிதானமாக ஆடினால் பதினைந்து இருபது மணி நேரம் ஆகும். ஸ்பீட் ரன்னர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு எழுந்து போகிறார்கள்!

அதற்கு அவர்களுக்கு உதவும் தில்லாலங்கடிக்குப் பெயர் 'டிட்மேன் க்ளிட்ச்'. ஸ்ட்ரைக்கர் என்று ஒரு ஷாட்கன். ஏறக்குறைய பாதி ஆட்டம் தாண்டிய பிறகுதான் அது கடைக்குக் கிடைக்கும். அதைத் தூக்கிக் குறிவைக்க ஆரம்பிக்கும் அந்த ஒரு கண நேரத்தில் பெட்டியைத் திறந்து வேறு ஆயுதத்துக்கு மாற்ற வேண்டும். ஆயுதம் மாறிவிடும். ஆனால் ஸ்ட்ரைக்கருக்கான கணக்கில் ஏதோ ஒன்று மாறாமல் ஒட்டிக்கொள்ளும். விளைவு, லியானின் வேகம் சுமார் ஒன்றரை மடங்கு!

நம்ம ஊர் உதாரணம் சொன்னால், பவர் கட் ஆன நேரத்தில் ஃபேன் ஸ்விட்சை ஆஃப் பண்ண மறந்துவிட்டு வெளியே போவோமே, அந்த மாதிரி. கரண்ட் வந்ததும் ஆளில்லாத ரூமில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். புரோகிராமிலும் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும்போது பழைய ஸ்விட்சுகளையெல்லாம் அணைத்துவிட்டுப் போக வேண்டும். வழக்கமான பாதையில் போனால் அணைக்கிறது. யாரும் எதிர்பார்க்காத ஒரு சந்தில் புகுந்து வெளியே வந்தால் அணைக்க மறந்துவிடுகிறது. சி புரோகிராமிங் லேபில் எனக்கு வாரா வாரம் நடப்பதுதான். எனக்கு மார்க் குறைப்பார்கள், கேப்காமுக்கு ரசிகர் மன்றம் வைக்கிறார்கள்!

இதைக் கண்டுபிடிப்பது சாதாரண வேலையில்லை பாஸ். எந்தத் துப்பாக்கி, எந்த நொடி, எந்த பட்டன் என்று ஆயிரக்கணக்கான தடவை முட்டி மோதிப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்த பிறகும் ஆட்டத்துக்கு நடுவில், எதிரி நெருங்கும்போது, கை நடுங்காமல் அதைச் செய்ய வேண்டும். ஒரு தடவை சொதப்பினால் மூன்று நான்கு நொடி போச்சு. உலக சாதனைக்கு ஆடுகிறவனுக்கு அது பெரிய நஷ்டம்.

2023-ல் இதே கேமைப் புதுசாகத் திரும்பச் செய்து வெளியிட்டது கேப்காம். ஸ்பீட் ரன்னர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்கோப் மாட்டின துப்பாக்கியை வைத்துக்கொண்டு பூட்டின கதவைத் தாண்டிப் போகிற வழியைக் கண்டுபிடித்தார்கள். சாவி தேட வேண்டாம், புதிர் போட வேண்டாம். ஆனால் இந்தத் தடவை கம்பெனி முழித்துக்கொண்டது. அதே வருஷம் ஒரு அப்டேட்டில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். 2005-ல் டிஸ்க்கில் அச்சடித்து வித்த ஓட்டையை அடைக்க வழியில்லை. இப்போது ராத்திரியோடு ராத்திரியாக இன்டர்நெட்டில் வந்து பூசிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால்தான் பல ரன்னர்கள் அப்டேட் ஆகாத பழைய வெர்ஷனைப் பொக்கிஷம் மாதிரி காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

'சரிடா, அப்ப எதுதான் சீட்டிங்?' மெக்கானிக்கல் விடவில்லை. நல்ல கேள்வி. அதற்கு 'மைன்கிராஃப்ட்' பக்கம் போக வேண்டும்.

மைன்கிராஃப்ட் தெரியும்தானே? எல்லாமே சதுரக் கட்டிகளால் ஆன உலகம். மரம் வெட்டி, சுரங்கம் தோண்டி, பசியாறி, ராத்திரியில் வரும் பேய் பிசாசிடம் தப்பித்து, கடைசியில் எண்டர் டிராகனைக் கொன்றால் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. என் கஸின் ஆறு மாசமாக ஆடி இன்னும் டிராகனைக் கண்ணால் பார்க்கவில்லை. உலகச் சாதனைக்காரர்கள் பத்து நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். அதுவும் முன்பின் பார்த்திராத, ஒவ்வொரு தடவையும் புதிதாக உருவாகிற உலகத்தில்!

வேடிக்கை என்னவென்றால், இதில் அதிகக் கூட்டம் இருப்பது 'க்ளிட்ச்லெஸ்' பிரிவில். அதாவது கேமின் ஓட்டைகளுக்குத் தடா. க்ளிட்ச் போட்டு ஆடுகிறவர்களுக்குத் தனிப் பட்டியல். ஆனால் எது ஓட்டை, எது சாமர்த்தியம் என்கிற கோடு இருக்கிறதே, அது ரொம்ப மெல்லிசு.

உதாரணத்துக்குக் கட்டில் மேட்டர். டிராகன் இருக்கும் உலகத்தில் கட்டில் போட்டுப் படுக்கப் போனால் கட்டில் வெடிக்கும். கேமிலிருக்கிற டி.என்.டி.யின் வெடிசக்தி 4, கட்டிலுக்கு 5! இப்படி வைத்தது கம்பெனிதான், இது ஓட்டை இல்லை. ரன்னர்கள் என்ன செய்கிறார்கள்? வழியில் இருக்கும் கிராமத்து வீடுகளிலிருந்து கட்டில்களை லவட்டிக்கொண்டு போகிறார்கள். டிராகன் வந்து உட்காரும் இடத்தில் கட்டிலைப் போட்டு, நடுவில் ஒரு கல்லைத் தனக்கு அரணாக வைத்து, அதன் தலை பக்கத்தில் வரும்போது 'தூங்க'ப் போகிறார்கள். டமார்! வாளுக்கும் வில்லுக்கும் சிறகடித்துப் போக்குக் காட்டுகிற டிராகன் நாலைந்து கட்டிலில் காலி. கட்டிலால் செத்த ஒரே டிராகன் உலக இலக்கியத்திலேயே இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது இன்னும் கில்லாடித்தனம். கேம் எங்கே மெதுவாகிறது என்று டெவலப்பர்கள் பார்ப்பதற்காக எஃப்3 சாவிக்குப் பின்னால் ஒரு வட்ட வரைபடம் ஒளிந்திருக்கிறது. டிராகன் உலகத்துக்குப் போகும் வாசல் பூமிக்கடியில் ஒரு கோட்டையில் இருக்கும். அந்த அறையில் பூச்சிகளை உற்பத்தி செய்யும் கூண்டு ஒன்று உண்டு. அது இருக்கும் திசையை நோக்கித் திரும்பினால், சுவர்களுக்கு அப்பால் இருந்தாலும் அந்த வட்டத்தில் ஒரு துண்டு பெருக்கும். அதைப் பார்த்தே 'இடது பக்கம்' என்று தோண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். இதற்கு அனுமதி உண்டு!

வெர்ஷனும் முக்கியம். வாசலைத் திறக்க 12 கண்கள் வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கண் ஏற்கெனவே இருக்க 10 சதவீத வாய்ப்பு. பன்னிரண்டும் தயாராக இருக்க வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்று. மீதிக் கண்களுக்கு முத்து வேண்டும். 2020-ல் வந்த 1.16.1 வெர்ஷனில், பன்றி மூஞ்சி வியாபாரிகளிடம் ஒரு தங்கக் கட்டி கொடுத்தால் 423-ல் 20 பங்கு வாய்ப்பில் முத்து கொடுப்பார்கள். ஒரு தடவைக்கு நாலு முதல் எட்டு வரை. அடுத்த வெர்ஷனிலேயே வாய்ப்பையும் எண்ணிக்கையையும் குறைத்துவிட்டார்கள். எத்தனையோ புது வெர்ஷன் வந்த பிறகும் ரன்னர்கள் 1.16.1-ஐ விடாமல் கட்டிக்கொண்டிருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இந்த முத்துக் கணக்கில்தான் ஒரு சூப்பர் ஸ்டார் மாட்டினார்.

'ட்ரீம்' என்கிற பெயரில் வீடியோ போடும் அமெரிக்கர். கோடிக்கணக்கான ரசிகர்கள். 2020 அக்டோபர் வாக்கில் ஆறு நேரலைகளில் மைன்கிராஃப்ட் ஸ்பீட் ரன் ஆடினார். அதில் ஒன்று பட்டியலில் ஐந்தாவது இடத்துக்கு வந்தது. சாதனைகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர்களுக்கு எங்கோ இடித்தது. சம்பளம் வாங்காத ஆட்கள் அவர்கள். வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒவ்வொரு பேரத்தையும் எண்ணினார்கள்.

262 பேரத்தில் 42 முறை முத்து. கணக்குப்படி பன்னிரண்டு பதிமூன்று வந்திருக்க வேண்டும். அடுத்து, ப்ளேஸ் என்கிற நெருப்பு அரக்கனைக் கொன்றால் கம்பு கிடைக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. 305 கொலையில் 211 கம்பு. நியாயமாக 152, 153 வர வேண்டும்.

'அதிர்ஷ்டம் இருக்கக் கூடாதா?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நாம் மேத்ஸ் பேப்பரில் இன்டர்னலுக்காக மனப்பாடம் பண்ணிவிட்டு மறக்கும் அதே பைனாமியல் டிஸ்ட்ரிபியூஷனை வைத்து, சந்தேகத்தின் பலனையெல்லாம் அவர் பக்கமே கொடுத்து, 2020 டிசம்பரில் 29 பக்க அறிக்கை வெளியிட்டார்கள். இப்படி நடக்க வாய்ப்பு ஏழரை லட்சம் கோடியில் ஒன்று! பன்னிரண்டு கண்ணும் தானாக இருப்பதைவிட ஏழரை மடங்கு அரிது. ஏழரை என்று வந்தபோதே அவருக்கு நேரம் சரியில்லை என்று தெரிந்திருக்கும்.

சாதனை பட்டியலிலிருந்து தூக்கப்பட்டது. ட்ரீம் மறுத்தார். பதில் அறிக்கை தயாரித்தார். ரசிகர் படை ஒரு பக்கம், கணக்கு தெரிந்தவர்கள் ஒரு பக்கம் என்று மாசக்கணக்கில் களேபரம். 2021 மே கடைசியில் அவரே ஒத்துக்கொண்டார், ஆடும்போது வாய்ப்புகளைக் கூட்டுகிற மாற்றுப் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது என்று. தனக்குத் தெரியாமலே ஓடியது என்பது அவர் வாதம். தெரிந்தா, தெரியாமலா என்பதைக் கணக்கு சொல்லாது. ஓடியது என்பதை மட்டும் சொல்லிவிட்டது.

என்னை உலுக்கியது இதுதான். கேமுக்குள் இருக்கிற ஓட்டையில் புகுந்து சுவரையே தாண்டினால் கை தட்டுகிறார்கள். வெளியிலிருந்து ஒரு எண்ணை லேசாகத் திருகினால் பெயரே நாறிவிடுகிறது. அஞ்சு வருஷக் கொஸ்டின் பேப்பரைப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் பதினாறு மார்க் கேள்விகளை மட்டும் படித்துவிட்டுப் போகிறோமே, அது ஒன்று. பிரஸ்ஸுக்குள் நுழைந்து கொஸ்டின் பேப்பரையே மாற்றி அச்சடிப்பது வேறு. முதலாவதைச் செய்யாதவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

இதை அப்படியே மெக்கானிக்கலிடம் சொன்னேன். 'ட்ரீம் பண்ணது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா உன் லியான் ஓடறதும் தப்புதான். அது திறமை இல்ல, ஒரு பட்டன் வித்தை' என்று சொல்லிவிட்டு தீபாவளி லீவுக்கு ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டான். அவன் வீட்டுப் பரணில் அண்ணனுடைய பழைய பிளேஸ்டேஷன் 2 இருக்கிற விஷயம் அப்போது எனக்குத் தெரியாது.

லீவில் மூன்றாவது நாள், ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு போன்.

'மச்சி, நாலு நாளா... சீ, நாலு மணி நேரமா ட்ரை பண்றேன். இப்பதான் விழுந்துச்சு! ஸ்ட்ரைக்கரைத் தூக்கற அந்த செகண்ட்ல கரெக்டா திறக்கணும். பறக்கறான்டா!'

'அப்புறம்?'

'ஓடின ஸ்பீட்ல கரடிப் பொறிக்குள்ள காலை விட்டுட்டேன். செத்துட்டான்.'

'சீட்டிங்னு சொன்னியேடா?'

'அதெல்லாம் வந்து பேசிக்கலாம். போனை வை, இன்னொரு தடவை ட்ரை பண்ணணும்.'