கேபிள் கார் கதவுக்கு அப்பால்

கிள்ளானிலிருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் பனிச்சறுக்கு ஆசையோடு காஷ்மீருக்குப் புறப்படுகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கெந்திங்கில் கேபிள் கார் நம்மைக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் நடுவே இறக்கிவிடும். குல்மார்க்கில் 2005-இல் திறந்த இரண்டாம் கட்ட கொண்டோலா இறக்கிவிடுவதோ அஃபர்வத் மலையின் தோளில், ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில். கினபாலு உச்சியைவிடச் சுமார் 150 மீட்டர்தான் குறைவு. கடல்மட்டத்தில் வாழ்கிற நமக்கு அங்கே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். ஓரிரு நாள் கீழே தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு ஏறுவதே நல்லது.

கொண்டோலா பாதையை ஒட்டிய பள்ளத்தாக்கை மட்டுமே பனிக் காவல் குழு கவனிக்கிறது. ஆபத்தாகத் திரண்ட பனியை வெடி வைத்து முன்கூட்டியே இறக்குவதும் அங்கேதான். அந்தக் காவல் எல்லைக்கு வெளியே எத்தனை அழகான புதுப்பனி கிடந்தாலும் அது காட்டுமலை. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் இறந்தார்.

சரிவின் கொடுமை நமக்குப் புதிதல்ல. 1993-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டதை இங்கே யார் மறப்பார்? மழை ஊறிய மண் அன்று பிடிப்பிழந்தது. பனியில் நடப்பது வேறு. பழைய பனியின் பலவீனமான அடுக்கின்மேல் புதுப்பனியும் காற்று கொண்டுவந்த பனியும் இறுகிய தகடாகப் படிகின்றன. 30 முதல் 45 பாகை வரையான சரிவில் ஒரு மனிதரின் எடையே அந்தத் தகட்டை உடைத்துவிடும். சிக்கியவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் குழுவினரோ கிளப்பிய சரிவில்தான் சிக்கினார்கள்.

பெரும்பனி பெய்த முதல் ஓரிரு நாள்தான் மிக ஆபத்து. சறுக்க ஆசை பொங்குவதும் அந்நாட்களில்தான்! அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படித்து, உள்ளூர் வழிகாட்டியோடு மட்டுமே எல்லை தாண்டுங்கள். சரிவில் ஒருவர் இறங்கட்டும்; மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்குமிடம் காட்டும் டிரான்ஸீவர், துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் வேண்டும். பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். புதைந்தவர் பிழைக்க வாய்ப்புள்ள நேரம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். மீட்புக் குழு வருவதற்குள் அது கடந்துவிடும். தோண்டி எடுக்க வேண்டியவர் உடன் சறுக்கிய நண்பரே.

கோலாலம்பூரில் பயணக் காப்புறுதி வாங்கும்போதே எல்லைக்கு வெளியே சறுக்குவதை அது ஏற்கிறதா என்று கேளுங்கள். பல காப்புறுதிகள் ஏற்பதில்லை.