கர்ப்பிணிக்கு விடுப்பு எதிலிருந்து?

தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்தால், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சிரிப்புத்தான் வரும். காலையில் கடை திறந்ததும் நிற்கத் தொடங்கியவர், இரவு அடைக்கும்போதுதான் காலை மடக்குகிறார். இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி? வீட்டிலோ, “ரெண்டு உயிரு, பேசாம வேலைய விட்டுட்டுப் படு” என்பார்கள். இரண்டு பேச்சுமே வேலைக் களைப்பையும் உடற்பயிற்சியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மூச்சு சற்றே வாங்கும், ஆனால் பேச முடியும் என்ற அளவில் நடந்தால் போதும். கர்ப்பகால நீரிழிவு, அளவுக்கு மீறிய எடை, மனச்சோர்வு ஆகியவற்றின் அபாயம் குறைகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து ரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றுகின்றன. இதயத்துடிப்பு கூடுகிறது, நடை முடிந்ததும் தணிகிறது. நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் நிற்பவருக்கு இதெல்லாம் நடப்பதில்லை. ரத்தம் காலில் தேங்குகிறது, வளரும் கருப்பை இடுப்புப் பகுதி ரத்தக்குழாய்களை அழுத்துகிறது, பாதம் வீங்குகிறது, இடுப்பு கடுக்கிறது. எப்போது நிறுத்துவது என்பதும் அவர் கையில் இல்லை. ஓய்வு நேரத்து உடலசைவு தரும் நன்மையை வேலையிடத்து உடலுழைப்பு தருவதில்லை என்று தொழில்சார் மருத்துவ ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

படுத்தே கிடப்பதும் மருந்தல்ல. குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்று நம்பி வழக்கமாக எழுதித் தரப்பட்ட ‘பெட் ரெஸ்ட்’டை அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் இப்போது பரிந்துரைப்பதில்லை. அது பலன் தருவதாக நிரூபணம் இல்லை. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது, எலும்பும் தசையும் நலிவது போன்ற கெடுதல்கள் உண்டு. ஆனாலும் எல்லோரும் நடந்துவிடலாம் என்பதல்ல. ரத்தக்கசிவு, பனிக்குடம் உடைதல், நஞ்சுக்கொடி இறங்கியிருத்தல், கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது. கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உள்ள நாடு இது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நார்வேயில் நடந்த ஓர் ஆய்வு இங்கே யோசிக்க வைக்கிறது. அங்கே நோய் விடுப்புக்குப் பெரும்பாலும் முழுச் சம்பளமே கிடைக்கும். 2013இல் வெளியான அந்த ஆய்வில், கர்ப்பிணிகளில் நான்கில் மூன்று பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் நோய் விடுப்பு எடுத்திருந்தார்கள். களைப்பும் தூக்கமின்மையும், இடுப்பெலும்பு வலி, குமட்டல் ஆகியவைதான் முக்கியக் காரணங்கள். வேலையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்த இடங்களில் விடுப்பு சராசரியாக ஒரு வாரம் குறைந்திருந்தது. வாரத்தில் சில நாள் உடற்பயிற்சி செய்தவர்களும் குறைவாகவே விடுப்பு எடுத்திருந்தார்கள். உடற்பயிற்சியால்தான் குறைந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு நன்றாக இருந்தவர்கள்தான் உடற்பயிற்சி செய்தார்களோ என்னவோ. வேலை மாற்றம் பற்றிய சேதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் நம் சட்டத்தில் அது 1961 முதலே இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டம் என்றதும் 2017 திருத்தம் தந்த 26 வார விடுப்பு மட்டுமே நினைவுக்கு வரும். 1961இன் அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொன்னபடி, கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையையோ நெடுநேரம் நிற்கும் வேலையையோ அவருக்குத் தரக்கூடாது. அப்படி மாற்றியதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கவும் கூடாது. குறை என்னவென்றால், இந்த உரிமை பிரசவத் தேதிக்குப் பத்து வாரம் முன்புதான் தொடங்குகிறது. மூன்றாம் மாதத்தில் மசக்கையால் தலை நிமிர முடியாதவருக்கு இதனால் பயனில்லை.

அவருக்குத் துணை நின்றது அதே சட்டத்தின் பத்தாம் பிரிவு. கர்ப்பத்தால் வரும் நோய்க்கு, மகப்பேறு விடுப்பு போக இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு. மருத்துவச் சான்று வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கும் இதே ஒரு மாதம் உண்டு, பணத்தை இ.எஸ்.ஐ. தரும். 1961 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த விடுப்பையும் வேலை மாற்ற உரிமையையும் வைத்திருக்கிறது. வருடாந்திர விடுப்பைக் கரைத்துவிட்டு, பிறகு ‘லாஸ் ஆஃப் பே’யில் போகிறவர்களில் எத்தனை பேரிடம் கம்பெனி எச்.ஆர். இதைச் சொல்லியிருப்பார்?

கடைகளுக்கென்று தனியாக ஒன்று உண்டு. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றார்கள். கர்ப்பிணி இதற்காகப் பத்தாவது வாரம், முப்பதாவது வாரம் என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. நாற்காலி போட்டிருந்தும் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார் என்றால், அது வேறு வழக்கு.

கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்கு விடுப்பு எழுதித் தர மேலதிகாரியே இல்லை. தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. செங்கல் சுமையைக் குறைக்க அதில் வழியில்லை.

வேலையில் இருப்பவர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று. சான்றில் வெறுமனே ‘ஓய்வு தேவை’ என்று இருந்தால், நிர்வாகம் ஒன்று முழு விடுப்பில் அனுப்பும், இல்லையென்றால் கண்டுகொள்ளாது. ‘நின்றபடி செய்யும் வேலையும் சுமை தூக்குவதும் இரவு ஷிஃப்டும் கூடாது, உட்கார்ந்து வேலை செய்யலாம், நடக்கலாம்’ என்று விவரமாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். விண்ணப்பத்துடன் அதன் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.