பெரிய டயர் மாட்டினால் டிராக்டர் நன்றாக உழுமா? வயலுக்கு ஏற்ற டயர் அளவைத் தேர்வு செய்யும் முறை

டிராக்டருக்கு டயர் மாற்றும் நேரம் வந்தால் விவசாயிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "சார், ஒரு சைஸ் பெருசா போட்டுக்கலாமா? சேத்துல நல்லா இழுக்கும்னு கடைக்காரர் சொல்றாரு."

சில ஆண்டுகளுக்கு முன்பு டெல்டாவைச் சேர்ந்த ஒரு விவசாயி அப்படித்தான் செய்தார். அவருடையது நான்கு சக்கர இழுவை உள்ள டிராக்டர். பின்புறம் இருந்த 13.6-28 டயரைக் கழற்றிவிட்டு 14.9-28 மாட்டினார். முன் டயரை மாற்றவில்லை. அடுத்த ஆண்டே முன் டயர்களின் பட்டன் மொட்டையாகத் தேய்ந்தது. அதன்பிறகு முன் அச்சில் பல் சக்கரம் உடைந்தது. சம்பா நடவு நேரத்தில் வண்டி பட்டறையில் நின்றது. டயரில் தவறு இல்லை. கணக்குப் பார்க்காமல் மாட்டியதுதான் தவறு. அந்தக் கணக்கை இங்கே பார்ப்போம்.

டயரில் உள்ள எண்கள் சொல்வது என்ன?

13.6-28 என்றால் டயரின் அகலம் 13.6 அங்குலம், ரிம்மின் விட்டம் 28 அங்குலம். நடுவில் கோடு இருந்தால் சாதாரண டயர். அந்த இடத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ரேடியல் டயர். பக்கத்தில் 12 பிளை என்று போட்டிருப்பது டயரின் சுமை தாங்கும் வலிமையைக் குறிக்கும்.

28 அங்குல ரிம்மில் நம் ஊரில் அதிகம் பயன்படும் டயர்களின் மொத்த உயரம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

12.4-28: 1,260 மி.மீ.
13.6-28: 1,310 மி.மீ.
14.9-28: 1,365 மி.மீ.
16.9-28: 1,435 மி.மீ.

டயர் அகலமானால் உயரமும் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். பலரும் அகலத்தை மட்டும் பார்க்கிறார்கள். சிக்கல் உயரத்தில்தான் இருக்கிறது.

பெரிய டயர் போட்டால் என்ன மாறும்?

13.6-லிருந்து 16.9-க்குப் போனால் டயரின் உயரம் 125 மி.மீ. கூடும். அதில் பாதி, அதாவது சுமார் 6 செ.மீ. அளவுக்குப் பின் அச்சு மேலே எழும்பும். வரப்பைத் தாண்டும்போது அடிப்பகுதி தட்டாது என்பது நல்லதுதான். ஆனால் வண்டியின் எடையும் அதே அளவுக்கு மேலே போகிறது. வாய்க்கால் கரையிலும் சரிவிலும் கவிழும் ஆபத்து கூடுகிறது.

அடுத்தது வேகம். அதே கியர், அதே இன்ஜின் சுற்றில் வண்டி முன்பைவிடச் சுமார் 9 சதவீதம் வேகமாக ஓடும். அப்படியானால் இன்ஜின் சக்கரத்துக்குக் கொடுக்கும் இழுவை ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும். ரோட்டவேட்டர் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு பாதிப்பும் உண்டு. கத்தி சுழலும் வேகம் மாறாது, வண்டி மட்டும் வேகமாக நகரும். அதனால் மண் முன்புபோல் பொடியாகாது, கட்டி கட்டியாக நிற்கும்.

முதலில் உங்கள் சிக்கல் எது என்று பாருங்கள்

உழும்போது வண்டி திணறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சக்கரம் வழுக்கிச் சுற்றுகிறது. மற்றொன்று, இன்ஜின் இழுக்க முடியாமல் புகை தள்ளி அடங்குகிறது. முதல் வகைக்கு அகலமான டயர் உதவும். இரண்டாவது வகைக்குப் பெரிய டயர் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அங்கே குறைக்க வேண்டியது கியரை, உழவு ஆழத்தை அல்லது கலப்பையின் அகலத்தை.

வழுக்கலை நீங்களே அளந்துவிடலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் வயலில் ஓட்டி, சக்கரம் 10 சுற்று சுற்றும்போது வண்டி கடந்த தூரத்தை அளவுநாடாவால் அளக்கவும். பிறகு கலப்பையை இறக்கி, உழுதபடி அதே 10 சுற்றுக்கு அளக்கவும். 13.6-28 டயருக்கு முதல் அளவு 39 மீட்டர், இரண்டாவது அளவு 34 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5 மீட்டர். 5-ஐ 39-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 13 சதவீதம்.

இரண்டு சக்கர இழுவை டிராக்டருக்கு 10 முதல் 15 சதவீதம் வழுக்கல் இருப்பது சரியான அளவு. அதற்குள் இருந்தால் டயரை மாற்றத் தேவையில்லை. 20-ஐத் தாண்டினால் டீசலும் டயரும் வீணாகின்றன. 8-க்கும் கீழே இருந்தால் வண்டியில் தேவைக்கு மேல் எடை ஏற்றியிருக்கிறீர்கள் என்று பொருள். அந்த எடை மண்ணைத்தான் இறுக்கும்.

செலவில்லாத வழிகளை முதலில் செய்யுங்கள்

வழுக்கல் அதிகம் என்றால் உடனே டயர் கடைக்குப் போக வேண்டாம். காற்றைச் சரிபாருங்கள். வயல் வேலைக்குப் பின் டயரில் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. இருந்தால் பெரும்பாலும் போதும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. டிரெய்லர் இழுப்பதற்காக ஏற்றிய காற்றை அப்படியே விட்டு வயலில் இறங்குவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. காற்று கூடினால் டயர் மண்ணில் பதியும் பரப்பு குறையும், வழுக்கலும் இறுக்கமும் கூடும். சாலைக்கு ஏறும்முன் மறக்காமல் மீண்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

புழுதி உழவுக்கு, பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம். 13.6-28 டயரில் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 200 கிலோ எடை கூடும். ஆனால் சேற்றுழவுக்கு இறங்கும்முன் இந்தத் தண்ணீரை எடுத்துவிடுங்கள். சேற்றில் எடை கூடினால் வண்டி புதையும்.

எந்த நிலத்துக்கு எந்த டயர்?

சேற்றுழவு: இங்கே டயரின் அகலத்தைவிடப் பட்டனின் ஆழம் முக்கியம். ஆர்-2 வகை டயரின் பட்டன், சாதாரண ஆர்-1 டயரின் பட்டனைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம். சேற்றுக்கு அடியில் உள்ள கெட்டித் தளத்தைத் தொட்டு இழுக்கும். ஆனால் தார்ச் சாலையில் வேகமாகத் தேயும். ஆண்டில் பாதி நாள் டிரெய்லர் ஓட்டுபவர்களுக்கு ஆர்-1 டயரும் சேற்றுக்குக் கேஜ் வீலும்தான் சிக்கனம். கேஜ் வீலோடு தார்ச் சாலையில் ஏறாதீர்கள். சாலை கெடும், அபராதமும் கட்ட வேண்டிவரும்.

கரிசல், செம்மண் மானாவாரி: இங்கே அகலமான டயருக்கு வேலை இருக்கிறது. வண்டியின் எடை அதிகப் பரப்பில் பரவுவதால் மேல்மண் இறுகுவது குறையும். ஆனாலும் ஈரம் காயாத கரிசலில் எந்த டயரோடும் இறங்காதீர்கள். ஏற்கெனவே அடிமண் இறுகியிருந்தால் அதைப் புது டயர் சரிசெய்யாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்கும் உழுவதே அதற்கு வழி.

கரும்பு, காய்கறி, தோப்பு: வரிசைக்கு நடுவே ஓட்ட வேண்டும் என்றால் குறுகலான டயரே சரி. 5 அடி இடைவெளிக் கரும்பில் மினி டிராக்டரின் 8.3-20 டயர் பயிரை மிதிக்காமல் போகும். இங்கே அகலத்தைக் கூட்டினால் மிதிபடுவது உங்கள் தூர்தான்.

நான்கு சக்கர இழுவை வண்டியா? கூடுதல் கவனம் தேவை

இந்த வண்டிகளில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் வரை முந்தி ஓடும்படி தொழிற்சாலையிலேயே பல் சக்கரங்களை அமைத்திருப்பார்கள். உங்கள் வண்டியில் அது 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் டயரை 13.6-லிருந்து 14.9-க்கு மாற்றினால் பின் சக்கரம் 4 சதவீதம் கூடுதலாக ஓடும். இப்போது முன் சக்கரம் முந்துவதற்குப் பதிலாகச் சுமார் 1 சதவீதம் பின்தங்குகிறது. பின் சக்கரம் தள்ள, முன் சக்கரம் தடுக்க, இடையில் உள்ள பல் சக்கரங்கள் முறுகும். தொடக்கத்தில் சொன்ன விவசாயிக்கு நடந்தது இதுதான்.

ஆகவே முன், பின் டயர்களை நிறுவனம் சொல்லும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புது டயர் போட்டாலும் இதே வகைச் சிக்கல் சிறிய அளவில் வரும். இடதும் வலதும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். கெட்டியான சாலையில் முன் இழுவையை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

கடைக்குப் போகும்முன் சரிபார்க்க வேண்டியவை

ரிம்மில் டபிள்யூ 12 போன்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். அது ரிம்மின் அகலம். புது டயர் அந்த ரிம்முக்கு உரியதா என்று டயர் நிறுவனத்தின் பட்டியலில் பாருங்கள். ரிம்மில் ஏறிவிட்டதாலேயே டயர் பொருந்திவிட்டது என்று ஆகாது.

மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் சேறு ஒட்டினாலும் உரசாத இடைவெளி வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பழைய இருப்பை வாங்காதீர்கள்.

பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி, வண்டி முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சேறு வெளியேறாமல் டயர் வழவழப்பாகிவிடும்.

புது வண்டி வாங்குபவர்கள் புத்னியில் உள்ள மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையத்தின் சோதனை அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். எந்த டயர் அளவோடு வண்டி சோதிக்கப்பட்டது என்பது அதில் இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

எவ்வளவு நல்ல டயரானாலும் ஒருநாள் வண்டி சேற்றில் மாட்டும். அப்போது பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஏற முயலாதீர்கள். கட்டை தரையில் மாட்டிச் சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், வண்டியின் முன்பகுதி தூக்கிக்கொண்டு சில நொடிகளில் ஓட்டுநர் மேலேயே பின்பக்கமாகக் கவிழும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது. கலப்பையைக் கழற்றிவிட்டு, பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் இன்னொரு வண்டியை வரவழைத்து இழுக்கச் செய்யுங்கள். அரைநாள் தாமதம் ஆனாலும் பரவாயில்லை.

டயர் அளவில் சந்தேகம் இருந்தால், வாங்கும்முன் வண்டியின் கையேட்டோடு உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள். 10 சுற்றுக்கு அளந்த அந்த இரண்டு அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால், உங்களுக்குப் பெரிய டயர் தேவையா இல்லையா என்பதை உடனே சொல்லிவிடலாம்.