முத்திரையும் மூச்சும்

1930ஆம், 1931ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்திலே ஹோக்ஸ் நெஸ்ட் என்னும் இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தனர். அங்குச் சிலிக்காத் தூசியைச் சுவாசித்த தொழிலாளருட் பல நூற்றுவர் நுரையீரல் கெட்டு மாண்டனர். அவர்களுக்குச் சுவாசக் கவசம் வழங்கப்படவில்லை. இன்றோ கவசம் எளிதிற் கிடைக்கின்றது. ஆயினும், கிடைக்குங் கவசம் காக்குங் கவசந்தானா? கடல் கடந்து இறக்குமதியாகும் கவசங்களைப் பொறுத்தவரை இவ்வினா பெரிதும் ஆராயத்தக்கது.

கவசம் வெறுஞ் சல்லடை அன்று. நுண்ணிழைகளைப் பல படைகளாக அடுக்கி, அவற்றுக்கு மின்னேற்றமும் ஊட்டி அதனை ஆக்குகின்றனர். காற்று இழைகளைச் சுற்றி வளைந்து செல்லும்போது, பருத்த துகள் தான் வளைய மாட்டாது இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிக நுண்ணிய துகளோ காற்றின் மூலக்கூறுகளால் அலைப்புண்டு, ஒழுங்கின்றித் திரிந்து இழையிற் படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ 0.3 மைக்கிரோன் அளவுள்ள துகள்களே பிடித்தற்கு அரியன. ஆகலின் அவற்றைக் கொண்டே கவசத்தைச் சோதிக்கின்றனர். நிமிடத்துக்கு 85 இலீற்றர் வீதம் உப்புத் துகள்கள் கலந்த காற்றைச் செலுத்தி, உட்புகுந்த துகள் எத்துணை, தடுக்கப்பட்டது எத்துணை என அளப்பர். அரியதைத் தடுப்பது எளியதையுந் தடுக்கும் என்பதே இச்சோதனையின் நியாயம்.

அமெரிக்க நியமத்தின் என் 95 கவசம் நூற்றுக்கு 95 பங்கேனுந் தடுத்தல் வேண்டும். சீன நியமத்தின் கே.என். 95 கவசத்துக்கும் 95 பங்கே அளவு. ஐரோப்பிய நியமத்தின் எவ்.எவ்.பி. 2 கவசத்துக்கு 94 பங்கு. எண்கள் அண்மையன, எனினும் முத்திரைகள் ஒன்றல்ல. அமெரிக்காவில் நையோஷ் என்னும் அரச நிறுவனம் தானே சோதித்து ஒப்புதல் எண் வழங்குகின்றது. கே.என். 95 என்பது ஒரு நியமத்தின் தரப்பெயரேயன்றி, அந்நிறுவனத்தின் ஒப்புதலைக் குறிப்பதன்று.

இவ்வேறுபாட்டின் விளைவை 2020ஆம் ஆண்டு உலகம் கண்டது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் கவசத் தட்டுப்பாடு நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், தரச் சான்றிதழோடு சீனாவிலிருந்து நெதர்லாந்துக்கு வந்த 13 இலட்சம் கவசங்களுள் 6 இலட்சம் மருத்துவமனைகளிலிருந்து மீளப்பெறப்பட்டன. அவை முகத்தோடு பொருந்தவில்லை, வடிகட்டிகளும் குறையுடையனவாயிருந்தன. ஏப்பிரல் 3ஆந் திகதி அமெரிக்கா, நையோஷ் ஒப்புதல் பெறாத சீனக் கவசங்களுக்கு அவசர அனுமதி அளித்தது. பின்னர் நையோஷ் ஆய்வுகூடம் அத்தகைய கவசங்களைச் சோதித்தபோது, 95 எனப் பொறிக்கப்பட்டிருந்தும் அவ்வளவை எட்டாதவை பல காணப்பட்டன. மே 7ஆந் திகதியே அனுமதி பெருமளவு சுருக்கப்பட்டது. 2021 யூலையில் முற்றாக நீக்கப்பட்டது. ஏட்டில் இருந்த 95 இழையில் இருக்கவில்லை.

இனி, வாங்குவோர் செய்யத்தக்கது யாது? முதற்கண், கவசத்தின் மீதே பொறித்த எழுத்துக்களை நோக்குக. அமெரிக்க ஒப்புதல் எனின் நையோஷ் பெயர் பிழையின்றி இருத்தல் வேண்டும், ரி.சி. 84ஏ எனத் தொடங்கும் எண்ணும் இருத்தல் வேண்டும். அவ்வெண்ணை அந்நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுக. ஐரோப்பியக் கவசமாயின் சீ.ஈ. குறியின் அருகே நான்கிலக்க எண்ணைத் தேடி, அவ்வெண்ணுக்குரிய சோதனை நிறுவனம் கவசங்களைச் சோதிக்கும் உரிமை பெற்றதா என உசாவுக. என் 95 என விற்கப்படுவது தலைப்பட்டியின்றிக் காதுப்பட்டி கொண்டதாயினும், சிறுவர்க்கும் ஒப்புதல் பெற்றதெனக் கூறினும் ஐயுறுக. பெருந்தொகையாக வாங்குவோர் சான்றிதழோடு அமையாது, வந்த பொதிகளிலிருந்தே சிலவற்றை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் நன்று. அனுப்பிய மாதிரி வேறு, வந்த சரக்கு வேறாகவும் இருக்கக்கூடும் அன்றோ?

இவற்றோடும் கடமை முடிந்தபாடில்லை. முகத்தோடு பொருந்தாத கவசத்தில் காற்று இழையினூடு செல்லாது, எளிய வழியாகிய இடுக்கினூடு செல்லும். தாடியும் இடுக்கை உண்டாக்கும். ஆதலின் கவசம் அணிதல் கட்டாயமான தொழிலிடங்களில், முதலில் அணியுமுன்னரும் பின்னர் ஆண்டுதோறும் பொருத்தச் சோதனை செய்தல் வேண்டுமென அமெரிக்கச் சட்டம் விதிக்கின்றது. இன்னுமொன்று: இக்கவசங்கள் துகளைத் தடுப்பனவேயன்றி நச்சு வாயுவைத் தடுப்பனவல்ல, பிராணவாயுவைத் தருவனவுமல்ல. மூடிய தொட்டியுள் இறங்கும் தொழிலாளியிடம் இவற்றைக் கொடுத்தல் பாதுகாப்பன்று, வஞ்சனையேயாம்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பொருள் வாங்கும் ஆணையிற் கையொப்பமிடும் பதவிகளில் இருக்கின்றனர். அணிபவன் முத்திரையைப் படித்து ஆராய்வதில்லை. கொடுத்தவரை நம்பியே அணிகின்றான். தூசியின் தீங்கும் அன்றே தோன்றுவதன்று. பல்லாண்டு கழித்துத் தோன்றும்போது, கையொப்பமிட்டவரைத் தேடுவோரும் இரார். ஆதலினாலேயே கையொப்பமிடுமுன் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் இளைஞரும், ஆய்வுகூடத்தில் தாம் கற்கும் அளவை ஒருவரின் மூச்சுக்குக் காவலாதல் கூடும் என்பதை மனங்கொள்வாராக.