கடிதத்தில் வரும் 'அவர்' யார்?

சில வருடங்களுக்கு முன்பு மூதூர்ப் பக்கத்துச் சகோதரி ஒருவர் திருகோணமலையில் என்னைச் சந்தித்து, ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் காட்டினார். காணாமற்போன கணவரைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. அதில் கணவரைக் குறிக்கும் இடமெல்லாம் 'தே' என்று இருந்தது. அதைப் படித்த அலுவலர், "எத்தனை பேரைக் காணவில்லை?" என்று கேட்டாராம். இவர் பதில் சொல்லத் தெரியாமல் அழுதபடி திரும்பியிருக்கிறார்.

எழுதியவர் செய்தது மரியாதைதான். கணவரை நாம் 'அவன்' என்பதில்லை, 'அவர்' என்கிறோம். 'ஹீ' என்றால் 'அவன்' போல அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் சகோதரிகளே, ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. பெரியவரோ குழந்தையோ, ஆண் என்றால் 'ஹீ', பெண் என்றால் 'ஷீ'. 'தே' பெரும்பாலும் பலரைக் குறிக்கும். ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ஒருவருக்கும் வரும்.

அடுத்தது 'ஹிஸ்', 'ஹெர்'. 'அவருடைய தாய்' என்று எழுதும்போது, தாய் பெண் என்பதால் 'ஹெர் மதர்' என்று எழுதிவிடுகிறோம். யாருடைய தாய் என்பதையே பார்க்க வேண்டும். கணவருடைய தாய் என்றால் 'ஹிஸ் மதர்'.

மிகவும் கவனிக்க வேண்டியது 'ஹீ', 'ஹிம்'. 'தே டுக் ஹிம்' என்றால் அவரை அவர்கள் கொண்டுபோனார்கள். 'ஹீ டுக் தெம்' என்றால் அவர்தான் அவர்களைக் கொண்டுபோனார். நடந்தது தலைகீழாகிவிடும். தமிழில் சொற்களை மாற்றிப் போட்டாலும் 'அவரை' என்பதிலுள்ள 'ஐ' பொருளைக் காப்பாற்றும். ஆங்கிலத்தில் சொல்லும் சரியாக வேண்டும், அது நிற்கும் இடமும் சரியாக வேண்டும்.

'ஐ', 'மீ' குழப்பத்துக்கு எளிய வழி உண்டு. 'என் மகளிடமும் என்னிடமும் கேட்டார்கள்' என்பதில் மகளை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'தே ஆஸ்க்ட் மீ' என்றே வரும். எனவே மகளைச் சேர்த்தாலும் 'மீ'தான்.

கணவரும் தம்பியும் ஒரே சம்பவத்தில் இருந்தால் 'ஹீ' யாரென்று விளங்காது. அங்கே பெயரையே மறுபடியும் எழுதச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அறிந்தால்தான் முறையிடலாம் என்றில்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் இது பொருந்தும். ஆனால் ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு உத்தியோகபூர்வ மொழிகளில் தமிழ் இல்லை. அங்கு எழுதும்போது ஆங்கிலம் தேவைப்படுகிறது.

அப்போது எழுதித் தருபவரிடம் வரிவரியாக வாசித்துத் தமிழில் சொல்லும்படி கேளுங்கள். ஒவ்வொரு 'ஹீ'யிலும் 'ஷீ'யிலும் "இது யார்?" என்று கேளுங்கள். பதில் விளங்கிய பிறகே கையொப்பமிடுங்கள். நடந்ததை அறிந்தவர் நீங்கள். கடிதமும் அதையே சொல்ல வேண்டும்.